கடைசிச் சுருள்

ஊரில் இரண்டு சினிமாக் கொட்டகைகள். படத்துக்கு ஒரே பிரதி. ஆற்றங்கரைக் கொட்டகையில் ஓடிமுடிந்த சுருளை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் கொட்டகையில் முந்தைய சுருள் தீர்வதற்குள் சேர்த்துவிட வேண்டும். அது ஷிகெனோவின் புருஷன் பார்த்த வேலை. அவன் பட்டாளத்தோடு மஞ்சூரியாவுக்குப் போய்த் திரும்பவில்லை. சைக்கிள் இருந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.

“பனி விழட்டும், ஆம்பளையாப் பாத்துப் போட்டுக்கறேன்” என்பார் முதலாளி குராமொச்சி.

“விழட்டுமே” என்பாள்.

விழுந்தது. அன்று புதுப்படம், போர்க்காலத்துக் காதல் கதை. பட்டாளத்துக்குப் போன மாணவனுக்காகத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி காத்திருக்கிறாள். பகல் காட்சிக்கே கால்வைக்க இடமில்லை.

கடைசிச் சுருளோடு கடைத்தெருவுக்குள் திரும்பிய ஷிகெனோ பிரேக்கை அழுத்தினாள். வெயில் கண்டதும் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூரைப் பனியைத் தெருவில் தள்ளியிருந்தார்கள். பனி மேடாக வழியை அடைத்துக் கிடந்தது. சுற்றிப் போனால் படம் நின்றுவிடும். நாளை இந்த வேலையும் இருக்காது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுருள் பெட்டியைத் துணியில் சுற்றி முதுகில் கட்டினாள்.

“எங்கடீ ஏறுற? விழுந்து சாகவா?” கூரைமேலிருந்து சோயாக் கடைக்காரர் கத்தினார்.

“தள்ளின கையால ரெண்டு படி வெட்டிக் குடுங்கண்ணே. திட்டு அப்புறம்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். ஏறினாள். மறுபக்கம் பெட்டியை மடியில் வைத்துச் சறுக்கி இறங்கி, ஓடினாள்.

கொட்டகைக் கூச்சல் வாசலிலேயே கேட்டது. படத்தில் சிப்பாய்களின் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததோடு திரை வெளுத்துவிட்டிருந்தது.

“ரயில் வந்து எவ்வளவு நேரமாச்சு! யாராச்சும் இறங்குங்கப்பா!” என்றது ஒரு குரல். ஒரே சிரிப்பு.

வாசலில் குராமொச்சி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இடுப்புவரை பனி. பெட்டியில் ஒரு துளி ஈரமில்லை. தன் கணப்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பெட்டியோடு மேலே ஓடினார். படியிலிருந்து, “நாளைக்கும் நேரத்துக்கு வந்துடு” என்றார்.

“வேற யார் வருவா?”

கூட்டத்தில் மீன்காரி ஓதமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “அவன் இறங்குறானா இல்லையா? சொல்லித் தொலைடீ!”

“நானே பாக்கல அக்கா. நகந்து உக்காருங்க.”

விளக்கு அணைந்தது. ரயில் நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். நடைமேடை காலியாகும்வரை ஷிகெனோ இமைக்கவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாணவன் இறங்கினான். கொட்டகை அதிரக் கைதட்டல்.

“இறங்கிட்டான்டீ!” என்று அழுதாள் ஓதமி.

“இறங்காம?” என்றாள் ஷிகெனோ. “முதுகுல சுமந்துல்ல கொண்டாந்திருக்கேன்.”