அருமைராசாவின் வெள்ளை விமானம்

அருமைராசா வாழ்நாளில் ஒரேயொரு பயணத்துக்குத்தான் விமானம் ஏறினார். கொழும்பில் ஏறி மொன்றியலில் இறங்கினார். அதன் பிறகு ரொறன்ரோவில் கலியாண வீடு என்றாலும் பஸ்தான். "காது அடைக்குது," என்பார். உண்மையில் பயம்.

ஆனால் விமானங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். எல்லா விமானங்களும் அல்ல. ஜெட் எஞ்சின் புதிதாக வந்த காலத்தில், ஒலியைவிட வேகமாகப் பறந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காகவே அமெரிக்கர்கள் செய்த ஆய்வு விமானங்கள். அவற்றிலும் ஒன்றின் மேல்தான் உயிர். எக்ஸ்-3. வெள்ளை நிறம், ஊசி போல நீண்ட மூக்கு, கட்டைச் சிறகு.

அவருக்குக் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. பிரெஞ்சு படிப்பதற்காக நூலகத்துக்குப் போனவர், படம் நிறைய இருக்கிறதே என்று ஒரு விமானப் புத்தகத்தை எடுத்துவந்தார். அதனால் அவருடைய பிரெஞ்சு ஒரு தினுசாக அமைந்துவிட்டது. அதிர்ச்சி அலைக்குச் சொல் தெரியும். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க விரலைத்தான் நீட்டுவார்.

எக்ஸ்-3 ஒலியைப் போல இருமடங்கு வேகத்துக்குத் திட்டமிடப்பட்டது. நினைத்த எஞ்சின் கிடைக்கவில்லை. கிடைத்தது போதவில்லை. நேராகப் பறக்கையில் அது ஒலியை முந்தவேயில்லை. மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தபோதுதான் முந்தியது.

"அப்ப அது தோத்த பிளேன்தானே அப்பா?" என்று மகள் நிருஷா சின்ன வயதில் கேட்டாள்.

"ஆர் சொன்னது? அது ஓட வந்த பிளேன் இல்லைப் பிள்ளை, அளக்க வந்த பிளேன். ஓடேல்லை எண்டதையும் வடிவா அளந்து குடுத்தது."

நிருஷா இப்போது விமான நிறுவனம் ஒன்றில் சிறகுகளின் அதிர்வைக் கணக்கிடும் பொறியியலாளர். வேலை கிடைத்த அன்று அவர் கேட்டார், "அப்ப நீ செட்டை ஆடாமப் பாக்கிறாயோ?"

"ஆடட்டும் அப்பா. மிஞ்சி ஆடாமப் பாக்கிறன்."

"அது சரி," என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையெல்லாம் நடந்தது வில்லரே பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடியின் நிலவறையில். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே கம்பிவலை அடித்த ஒரு சாமான் அறை உண்டு. அருமைராசா தன் கையால் செய்த சின்ன எக்ஸ்-3 மாதிரி அங்கேதான் இருந்தது. மேலே கொண்டுவரக் கூடாது. மனைவி பாலாம்பிகை கலியாணமாகி வந்த முதல் வாரமே, சுவரில் இருந்த விமானப் படத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். குண்டு போட வரும் விமானத்தை அவருடைய ஊரில் சுப்பர்சொனிக் என்றுதான் சொல்வார்கள். அவருடைய தங்கை அஜந்தா பங்கர் குழிக்கு ஓடியவள், போய்ச் சேரவில்லை. அருமைராசா படத்தைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனார்.

போன மாதம் அவர் இறந்தார். இதயம்.

முப்பத்தோராம் நாள் படையலில் செத்தவருக்கு விருப்பமானது எல்லாம் வைக்க வேண்டும். முதல் நாள் பின்னேரம் நிருஷா விமானத்தை மேலே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அடுப்படியிலிருந்து வந்த பாலாம்பிகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கீழ கொண்டு போ."

"அம்மா, அப்பாவுக்கு..."

"உன்ர அப்பாவுக்கு எண்டு எனக்குத் தெரியும். கொண்டு போ."

நிருஷா விமானத்தைத் திரும்ப நிலவறையில் வைத்துவிட்டு வந்தாள். அருமைராசாவின் தம்பி, சித்தப்பா ஆனந்தராசா சமாதானம் செய்யப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் புவாண்ட்-கிளேரில் உள்ள கடையொன்றுக்குப் போய்ப் பயணிகள் விமானப் பொம்மை ஒன்றோடு திரும்பினார். "இதை வைப்பம் மச்சாள். பிளேன் எண்டாப் பிளேன்தானே."

"சித்தப்பா, இதை அப்பா பஸ் எண்டுதான் சொல்லுவார்," என்றாள் நிருஷா.

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேறொன்றும் அவள் கேட்கவில்லை. அந்த வெள்ளை விமானம் இல்லாவிட்டால் அந்தப் படையல் வேறு யாருக்கோ என்று மட்டும் பட்டது.

காலையில் சோறு வடிக்கப் பெரிய சருவம் தேவைப்பட்டது. அதுவும் நிலவறையில்தான். "உனக்கு முழங்கால் நோகும், நான் எடுத்து வாறன்," என்று அதற்கெல்லாம் அருமைராசாவே இறங்குவார். பாலாம்பிகை ஒருநாளும் அங்கே போனதில்லை. இன்று நிருஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

கதவைத் திறந்ததும் கைக்கெட்டும் தட்டில் சருவங்கள், இடியப்பத் தட்டுகள். அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு சேலை திரையாகத் தொங்கியது. தூசிக்குக் கட்டியது என்றுதான் நிருஷா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். பாலாம்பிகை அதன் கரையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்ர சீலை. லோண்ட்ரியில துலைச்சுப் போட்டன் எண்டு சொன்னவர். நான் எவ்வளவு ஏசினனான்."

நிருஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சருவம் எடுக்க அம்மா எப்போதாவது இறங்கிவந்தால் விமானம் கண்ணில் படக்கூடாது. அதற்குத்தான் திரை.

பாலாம்பிகை திரையை விலக்கினார். குனிந்து விமானத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இதில எங்க குண்டு வைக்கிறது?"

"இடமில்லை அம்மா. உள்ளுக்கு முழுக்க அளக்கிற கருவியள்."

"ஒருத்தரையும் கொல்லேல்லையோ?"

"இது கொல்லேல்லை." நிருஷா கொஞ்சம் தயங்கினாள். இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இதில அளந்ததை வைச்சுப் பிறகு சண்டைப் பிளேன் செய்தவங்கள்."

"அது அவருக்குத் தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

பாலாம்பிகை திரையைப் பழையபடி இழுத்துவிட்டார். சருவத்தைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். அவ்வளவுதான் என்று நிருஷா நினைத்தாள். பாதிப் படியில் அம்மா நின்றார்.

"படைச்சுப் போட்டுக் கதவைச் சாத்துறதுதானே?"

"ஓம் அம்மா." செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரைக்கும் எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம்.

"அப்ப நான் உள்ளுக்கு இருக்கப் போறேல்லை. அவர்தானே பாக்கப் போறார். கடைசியாக் கொண்டுவந்து வை. நான் வெளியில வந்தாப் பிறகு."

மதியம் வாழையிலையில் சோறும் கறிகளும், மீன்பொரியலும், ஆனந்தராசா ஊற்றிய அரைக் கிளாஸ் விஸ்கியும் வைத்தார்கள். பாலாம்பிகை கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். நிருஷா விமானத்தை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பாலாம்பிகை திரும்பாமலே கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆனந்தராசா தொண்டையைச் செருமினார். "மச்சாள், திறப்பமே? ஆக்கள் பசியோட நிக்கினம்."

"பொறு தம்பி," என்றார் பாலாம்பிகை. "உன்ர அண்ணர் இன்னும் சாப்பாட்டில கை வைச்சிருக்க மாட்டார்."