மகளுடன் வந்தவர்

படிப்பை ஒரு வருடம் விட்டுவிட்டு மறுபடியும் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்காக அடையாறில் இருந்த அந்தக் கல்லூரிக்குப் போனபோது, என்னைப் போலவே படிப்பை இடையில் விட்ட இன்னொரு பெண்ணும் காத்திருந்தாள். சேர்க்கைக்கு இருந்தது ஒரே ஒரு இடம். அவளுடன் அவள் அப்பா வந்திருந்தார்.

கடல் வெயிலில் கறுத்த முகம். வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். மகள் படித்துக்கொண்டிருக்க, மடித்த செய்தித்தாளால் அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“உன்கூட யாரும் வர்லியாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லைங்க, தனியாத்தான் வந்தேன்.”

“இவளும் தனியா போறேன்னுதான் சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல. இன்னிக்கு கடலுக்கு போவல.”

நான் படிப்பை விட்ட நாளிலிருந்து என் அப்பா என்னுடன் பேசுவதில்லை. அன்று காலையும், எங்கே கிளம்புகிறாய் என்று கேட்கவில்லை.

மாலையில், இடம் எனக்கு என்றார்கள். அந்தப் பெண் அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டி, “வுடு கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம். பசிக்குது, வா, எதுனா துன்னலாம்” என்றார். அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள்.

போகும்போது அவர் என்னிடம் திரும்பி, “வூட்டுக்கு போன் போட்டு சொல்லும்மா. நைனா சந்தோசப்படுவாரு” என்றார்.

தலையாட்டினேன். இடம் கிடைத்தவள் நான்தான். ஆனால் அவருடன் பேருந்து ஏறிப் போன அந்தப் பெண்மேல் அன்று எனக்கு வந்த பொறாமை, நான் வழக்கறிஞராகிவிட்ட பிறகும் போகவில்லை.