முத்துவீரன் நிற்கும் பக்கம்

"ஆதா லோக் உதர் ஜாவ். அண்ணாச்சி, ஒங்களயுந்தான் சொல்றேன். பாதிப் பேரு அந்தப் பக்கம் போங்க."

சாத்தம் தீவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரி கரையை நெருங்கும்போதெல்லாம், இறங்கும் பக்கமாக ஜனம் மொய்க்கும். ஃபெர்ரியில் வேலை பார்க்கும் முத்துவீரனுக்கு அது ஆகாது. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு, இந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடியும் அதட்டலோடு கூட்டத்தைப் பிரித்துவிடுவார். எந்த லாரி எந்தப் பக்கம், எந்த ஜீப் எங்கே என்று நிறுத்துவதும் அவர்தான். படகு சாய்வதை அவருடைய குதிகால் முதலில் சொல்லிவிடும் என்பார்கள்.

கரைக்கு வந்தாலும் அந்தக் குதிகால் சும்மா இருப்பதில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு பக்க வரிசை நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடந்தால், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களையே எழுப்பி மாற்றி உட்காரவைப்பார். பெண் வீட்டார் முறைத்தாலும் கவலையில்லை.

ஷீலா கல்லூரிக்குப் போய்வந்த வருடங்களெல்லாம் அந்த ஃபெர்ரியில்தான். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். போகும்போதும் வரும்போதும் எதிரில் இருப்பவர்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாள். அவள் தாள் காற்றில் படபடக்காதபடி எப்போதும் ஓர் உயரமான லாரி வந்து நிற்கும். தனக்காகவா என்று ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். "ஒனக்காக ஒண்ணும் இல்ல தங்கச்சி. பாரம் அப்பிடி" என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார். அது நிஜமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் ஷீலாவும் ஹம்தானும் சேர்ந்து மின்னி பே பகுதியில் ஒரு ஹாலை எடுத்துப் படக் கண்காட்சி வைத்தார்கள். ஹம்தான் ஒரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் முத்துவீரன்தான் பொது நண்பர். இடது சுவரில் ஹம்தானின் கடல்கள், பவளங்கள், வாசலிலிருந்தே கண்ணை இழுக்கும் நீலங்கள். வலது சுவரில் ஷீலாவின் பென்சில் படங்கள், உள்ளங்கை அகலத்தில். கிட்டே போனால்தான் தெரியும். யாரும் கிட்டே போகவில்லை. முதல் இரண்டு நாளும் வந்தவர்கள் நீலத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். வரைய வருகிறதா, வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்று ஷீலா தன்னையே குடைந்துகொண்டாள். கடைசி நாளும் இப்படியே போனால் பென்சிலைத் தொடுவதில்லை, அப்பா பார்த்துவைத்திருக்கும் அலுவலக வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. முத்துவீரனுக்கு டியூட்டி இல்லை. இரண்டு நாளாக ஃபெர்ரியில் வண்டிகளோடு சேர்த்துக் கண்காட்சிச் செய்தியையும் ஏற்றி இறக்கியிருக்கிறார் போலிருக்கிறது. மீன் விற்கும் ஒச்சம்மா, கட்டட வேலைக்காரர்கள், வங்காளிக் குடும்பம் ஒன்று என்று ஒரு ட்ரிப் கூட்டத்தையே அழைத்து வந்தார். அவர்களும் நேரே இடது சுவருக்குத்தான் போனார்கள்.

முத்துவீரன் நடுவில் நின்று தரையைக் குதிகாலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"ஆதா லோக் உதர் ஜாவ். பாதிப் பேரு இந்தப் பக்கம் வாங்க."

கூட்டம் சிரித்தது. "ஏண்டா முத்துவீரா, ஹாலு கவுந்துபோயிருமாக்கும்?" என்றாள் ஒச்சம்மா.

"கவுந்தா ஒன்னயத்தான் மொதல்ல எறக்கணும். பாரம் நீதான்."

பழக்கம் விடவில்லை, சொன்னபடி பாதிப் பேர் நகர்ந்தார்கள். திட்டிக்கொண்டே போன ஒச்சம்மா ஒரு படத்துக்கு எதிரில் நின்றுவிட்டாள். கூடையில் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பெண்.

"இது நாந்தேன்" என்றாள் மெதுவாக. பிறகு, "நாந் தூங்கையில எப்பிடி இருப்பேன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அதைக் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். தங்களைத் தேடினார்கள். தன் முதுகை அடையாளம் கண்ட ஒரு கொத்தனார் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வங்காளிக் குடும்பத்துச் சிறுமி, டிபன் பாக்ஸை மடியில் வைத்திருக்கும் அப்பாவின் கையைக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவரில் ஆளே இல்லை. ஹம்தானும் இந்தப் பக்கம் வந்து, தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷீலா மூலையில் நின்றாள். தனக்காகத்தான் அனுப்பினாரா, குதிகால் சொல்லி அனுப்பினாரா என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்துவீரன் மொத்தக் கூட்டமும் வலது சுவரில் அப்பிக் கிடப்பதைப் பார்த்தார். கை மேலே போனது, வாயும் திறந்தது. திறந்த வாயை மூடினார். கையை இறக்கிக்கொண்டு, ஹாலைக் குறுக்கே கடந்து, காலியான இடது சுவருக்குப் போனார். அதன் நட்டநடுவில், கால்களை அகட்டி ஊன்றி, தன்னந்தனியாக நின்றுகொண்டார்.