நீச்சல் குளமும் நான்காண்டுக் கணக்கும்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆண்டுதோறும் துறைக்காரர்கள் கேட்டு அனுப்புகிற தொகையை நறுக்கித் திருப்பி அனுப்புகிறவள் என்பதால் மாடிப்படியில் பிறந்து, கேன்டீனில் வளர்ந்த பெயர் அது. அவள் காதுக்கும் எப்போதோ எட்டிவிட்டது. வீட்டில் சொன்னபோது, தையல் கடை வைத்திருக்கும் அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"காலமெல்லாம் கத்திரி பிடிக்கிறவன் நான். பேரை மட்டும் நீ தட்டிக்கிட்டுப் போயிட்டியே!"

கணக்கு அலுவலர் நாற்காலிக்கு வருவதற்கு முன் அவள் சொத்து வரி வசூலிக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். வரி கட்ட வருகிறவர்களின் முகத்தைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்க தெருவுக்கு என்ன செஞ்சு கிழிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்பதில் தப்பில்லை என்றே அவளுக்குத் தோன்றும். பரீட்சை எழுதி மேலே வந்த பிறகும் அந்த ஜன்னல் அவள் தலையை விட்டுப் போகவில்லை.

அவள் அறை மாடியில், குப்பை லாரிகள் நிற்கும் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. பட்ஜெட் காலம் வந்தால் அந்த அறைக்கு மவுசு கூடிவிடும். பாதி வெட்டுவாள் என்று தெரிந்து சுகாதாரப் பிரிவு எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் கேட்கும். பொறியாளர் எந்தச் சாலையைப் பற்றிக் கேட்டாலும் "இந்த மழைக்குத் தாங்காது" என்பார். தாங்கிய சாலைகளும் அவற்றில் உண்டு. அவள் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். "போன வருஷம் வாங்கினது என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பாள். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே வந்த வழியில் திரும்பிவிடுவார்கள்.

முன்பெல்லாம் பட்ஜெட் என்றால் ஒரே ஆண்டுக்குத்தான். வருகிற மார்ச் வரை தள்ளிவிட்டால் போதும், பிறகு நடப்பதை அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். பிறகு அரசு ஒரு புது விதி கொண்டுவந்தது. இனி எல்லா நகராட்சிகளும் அடுத்த நான்கு ஆண்டுகளின் வரவையும் செலவையும் அருகருகே போட்டுக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது இன்னொரு தலைவலி. அவளுக்கு மட்டும் பிடித்திருந்தது.

"இந்த வருஷம் ஒரு லாரி வாங்குறோம்னு வச்சுக்குங்க," என்று கணவருக்கு விளக்கினாள். "எல்லாரும் போட்டோ எடுத்துக்குவாங்க. அடுத்த வருஷம் அதுக்கு டிரைவர் சம்பளம், அதுக்கடுத்த வருஷம் டயர். அதுக்கு யாரும் போட்டோ எடுக்கறதில்ல. இப்போ அதெல்லாம் ஒரே தாள்ல வந்து நிக்கும்."

அந்தப் புது விதி வந்த வருடமே அவளுடைய அண்ணன் கவுன்சிலர் ஆகித் தொலைத்தார்.

அண்ணன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஊரே அவரை மைக்செட் என்றுதான் அழைக்கும். மைக் இல்லாவிட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அப்பா போன பிறகு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தோளில் சுமந்து அவளைக் கல்லூரியில் படிக்கவைத்தவர் அவர்தான். அரசியலில் மூக்கை நுழைக்கும் ஆசை அவருக்கு இருந்ததே இல்லை. தேர்தலுக்கு முந்தைய கோடையில், அவர் வார்டில் இருந்த கைவிடப்பட்ட கல்குவாரியில் இரண்டு பையன்கள் குளிக்கப் போய் மூழ்கிப்போனார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள். தேங்கிய தண்ணீரிலிருந்து அவர்களை வெளியே எடுத்தபோது அண்ணன் கரையில் நின்றிருந்தார். இரங்கல் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டியவரும் அவரே. பேச வந்தவர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகு, வயரைச் சுருட்டவேண்டிய மனிதர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"இந்த வார்டுக்கு ஒரு நீச்சல் குளம் வரும். நான் கொண்டுவரேன். அதுக்காக உங்க வரியில ஒரு காசு ஏறாது!"

முதல் வாக்கியம் மனதிலிருந்து வந்தது. கடைசி வாக்கியம் கைதட்டலில் வந்தது. இரண்டையும் சேர்த்து மக்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஜெயித்த கையோடு நடையாய் நடந்து, குளம் கட்ட அரசிடம் மானியமும் வாங்கிவிட்டார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. தையல் மேஜை மேல் விரித்துக் காட்டினார். சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் குளம், உடை மாற்றும் அறை, எல்லாம் இருந்தது.

"நல்லா இருக்குண்ணா," என்றாள் அவள். "கட்டறதுக்குப் பணம் வந்தாச்சு. ஓட்டறது யாரு?"

"என்னம்மா ஓட்டறது? இது என்ன பஸ்ஸா?"

"தண்ணியைச் சுத்தம் பண்ணணும், மோட்டார் ஓடணும், கரண்ட் பில் கட்டணும். கரையில ஆள் நிக்கணும். மானியத்துல அதெல்லாம் வராதுண்ணா."

"அதுக்குத்தான் நீ இருக்கியே," என்றார் அண்ணன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் முதல் வேலையாக ஆணையரிடம் போனாள். "சார், இது என் கூடப்பிறந்த அண்ணன் சம்பந்தப்பட்ட விஷயம். இந்தக் கணக்கை வேற யாராவது போடட்டும்."

"வேற யாரும்மா இருக்கா இங்க?" என்றார் ஆணையர். "நீங்களே போடுங்க. உறவை எழுத்துல பதிவு பண்ணிடுவோம். தணிக்கைப் பிரிவுல ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொண்ணா சரிபார்க்கட்டும். பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது."

அவள் போட்டாள். எப்படிப் போட்டாலும் ஒரே இடத்தில் வந்து இடித்தது. குளம் திறந்த முதல் இரண்டு ஆண்டுகள் நகராட்சியின் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம். மூன்றாம் ஆண்டில் சேமிப்பு அடியைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் குளத்தை மூடவேண்டும், இல்லையென்றால் ஊழியர் சம்பளத்தில் கைவைக்கவேண்டும். தெருவிளக்குச் செலவைக் குறைத்துப் பார்த்தாள். இரண்டு கிளை அலுவலகங்களை ஒன்றாக்கிப் பார்த்தாள். அண்ணனுக்காக மண்டையை உடைத்துக்கொண்டாள் என்றே சொல்லவேண்டும். கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. சொத்து வரியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"கரையில நிக்கறதுக்கு ரெண்டு பேர் போட்டிருக்கே. ஒருத்தர் போதாதா?"

"ஒருத்தர் சாப்பிடப் போற நேரத்துல?"

அண்ணன் தாளைக் கீழே வைத்தார். அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அண்ணனின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்து வந்தது.

"உனக்கு காலேஜ் பீஸ் கட்டினப்போ, நான் இப்படி நாலு வருஷக் கணக்குப் பார்த்தேனா?"

அவளுக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. தாளை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதன் பிறகு அண்ணன் போன் செய்யவில்லை. நகராட்சி வராந்தாவில் எதிரே வந்தாலும் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றுகொண்டார். அண்ணி மட்டும் தினமும் பேசினாள். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. யாரு முதல்ல பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் வீம்பு," என்று அலுத்துக்கொண்டாள்.

அறிக்கையில் அவள் மூன்று வழிகளை எழுதினாள்: குளம் வேண்டாம்; குளமும் வரி உயர்வும்; குளம் உண்டு, ஆனால் வரி உயர்வு இல்லை. மூன்றாவதற்குக் கீழே, அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பச்சையாக எழுதினாள். நகராட்சித் தலைவிக்கு அந்த மூன்றாவதுதான் பிடித்திருந்தது. அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"மூணாவது வருஷம் நாம யாரு இருக்கப்போறோம் சொல்லுங்க? அதுக்குள்ள தேர்தலே வந்துடும். அந்தக் குறிப்பைக் கொஞ்சம் மெதுவா எழுதக்கூடாதா?"

"மெதுவா எழுதினாலும் தொகை அதேதானே மேடம்?"

தலைவி சிரித்துவிட்டார். ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

பட்ஜெட் கூட்டம் அன்று மன்றத்தில் ஒரு நாற்காலி காலியில்லை. அதிகாரிகளுக்கான பக்கவாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைவி பேசி முடித்து, வரி உயர்வு இல்லாமலே குளம் வரும் என்று அறிவித்தார். மேஜைகள் தட்டப்பட்டன. நன்றி சொல்லத்தான் எழுகிறார் என்று எல்லாரும் நினைக்கும்படி அண்ணன் எழுந்தார்.

"கணக்கு அலுவலர் அவர்களுக்கு ஒரு கேள்வி."

அண்ணன் வாயிலிருந்து தனக்கு ஒரு 'அவர்கள்' வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. எழுந்து நின்றாள்.

"வரி ஏத்தாம குளத்தைத் திறந்தா, அதை எப்போ மூடணும்?"

"மூன்றாம் ஆண்டு, கோடைக்கு முன்னாடி."

"கோடைக்கு முன்னாடியா? நல்லாத் தெரியுமா?"

"நான் போட்ட கணக்கு அப்படித்தான் சொல்லுதுங்க. தணிக்கைப் பிரிவும் பார்த்திருக்காங்க."

அண்ணன் சபையைப் பார்த்துத் திரும்பினார். "பசங்க குவாரிக்குப் போறதே கோடையிலதான். அப்போ பூட்டு தொங்கற குளம் எதுக்கு? அன்னிக்கு மைக்கைப் பிடிச்சு ரெண்டு வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்துல என்ன பேசறேன்னு எனக்கே தெரியல. இப்போ ரெண்டையும் காப்பாத்த முடியாதுன்னு தெரியுது. வரியை ஏத்தணும்னு நானே முன்மொழியறேன்."

மன்றம் இரண்டுபட்டது. "உன் தங்கச்சி எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறியா?" என்று ஒருவர் கத்தினார். "என் தங்கச்சியும் நானும் பேசியே ரொம்ப நாளாச்சு, அந்தத் துக்கம் உனக்கெதுக்கு?" என்று அண்ணன் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பு அடங்கியபின் வாக்கெடுப்பு நடந்தது. குவாரியை ஒட்டிய வார்டுகளின் கவுன்சிலர்கள், கட்சி பேதமில்லாமல், ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். மயிரிழையில் நிறைவேறியது. தலைவி கடைசிவரை கை தூக்கவில்லை.

வெளியே வராந்தாவில் அவள் கோப்புகளை அள்ளிக்கொண்டு நின்றபோது அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"கொஞ்சம் கூட இழுத்துப் பார்க்காம பட்டுன்னு சொல்லிட்டியே, கோடைக்கு முன்னாடின்னு."

"நீங்க கேட்டீங்கல்ல."

"நீ போட்டது தப்பா இருந்திருக்கக்கூடாதான்னு நேத்து வரைக்கும் நினைச்சேம்மா," என்றார். பிறகு, "அன்னிக்குப் பீஸ் பத்திப் பேசினதை மனசுல வச்சுக்காதே," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவளுக்குக் கண் கலங்கியது. கோப்புகளில் பாதியை அவர் கையில் திணித்தாள். அவர் மாடிவரை தூக்கி வந்தார்.

குளம் வந்தது. வரி நோட்டீஸும் வந்தது. குளத்தை யாரும் அண்ணன் கணக்கில் எழுதவில்லை. வரியை மட்டும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒலிபெருக்கி கட்டக் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். அடுத்த தேர்தலில், 'ஏத்தின வரியை இறக்குவேன்' என்று ஒரே பேச்சாகப் பேசிய இரும்புக் கடைக்காரர் அவரை மண்ணைக் கவ்வவைத்தார். எண்ணிக்கை முடிந்து வீட்டுக்கு வந்த அண்ணன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அப்புறம் கடையைத் திறந்தார்.

புதுக் கவுன்சிலர் அந்த வருட பட்ஜெட் காலத்தில் அவள் அறைக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தார். அவள் தோற்றவரின் தங்கை என்பது தெரிந்து, குரலில் கொஞ்சம் வெட்டும் இருந்தது.

"வரியைப் பழையபடி இறக்கணும். வழியைச் சொல்லுங்க."

"இறக்கலாம் சார்," என்று நான்காண்டுத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இறக்கினா குளத்தை இந்த இடத்துல மூடணும்."

அவர் குனிந்து பார்த்தார். சம்பளத்தைக் கேட்டார், கரண்டைக் கேட்டார், நுழைவுக் கட்டணத்தை ஏற்றினால் என்ன என்று கேட்டார். ஏற்றினால் குவாரித் தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அவள் சொன்னாள். கடைக்காரர் அல்லவா, கணக்கு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. கடைசியில், "மூடினா பேரு யாருக்கும்மா போகும்?" என்றார்.

"யாரு பதவியில இருக்கும்போது மூடறோமோ, அவங்களுக்குத்தான் சார்."

அவர் எழுந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்த வருடம் வரி இறங்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இறங்கவில்லை.

செய்தி அண்ணனுக்குப் போனபோது அவர் போனில் வெடித்தார். "என்னைத் தோக்கடிச்ச வரியை அவன் அப்படியே வச்சுக்கிட்டானா? கேக்க நாதியில்லையா இந்த ஊர்ல?"

"அவரும் தாளைப் பார்த்தாருண்ணா."

"நல்லாப் பார்த்தான்!" என்று கத்திவிட்டுச் சற்று நிறுத்தினார். "சரி, இந்தக் கோடைக்குத் திறந்திருக்கும்ல?"

"திறந்திருக்கும்."

"அது போதும், வை," என்றார்.

போனை வைத்தபோது பொறியாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். குளத்தின் மின்கட்டணம் அவள் போட்ட கணக்கைவிடக் கூடியிருந்ததைச் சொல்ல வந்திருந்தார். அவள் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க, நாலாவது வருஷத்திலேர்ந்து பார்ப்போம்," என்றாள்.