பிரதிவாதி போட்ட துண்டு

என்னுடைய கட்சிக்காரி ஒருத்தியைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன். ஏதோ ஒரு நாள் இல்லை, வழக்கு நடந்த காலம் முழுக்க. எதிர்த்தரப்பு வக்கீல் மேல் பொறாமைப்படலாம், புதிதாகக் கார் வாங்கிய ஜூனியர் மேல் படலாம். ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் அதெல்லாம் டீ குடிக்கிற மாதிரி, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். என்னை நம்பி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவள் மேலேயே பொறாமைப்பட்டதைத்தான் யாரிடம் போய்ச் சொல்வது?

சிக்கல் என்கிற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுடைய அய்யா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. மிஞ்சியது ஓர் அண்ணன், ஒரு தங்கை, மிளகாய் போடுகிற கரிசல் நிலம். அந்தப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். இவர்கள் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. தங்கை பாதிப் பங்கு கேட்டாள். நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பங்கு என்றார் அண்ணன். எல்லா அண்ணன்களும் சொல்கிற அதே பதில். நான் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன்.

முதல் வாய்தாவுக்கு அவள் வந்தபோது, அவளுடைய பையையும் தூக்குவாளியையும் சுமந்துகொண்டு ஒரு ஆள் கூடவே வந்தார். தோளில் ஒரு பச்சைத் துண்டு.

"வீட்டுக்காரரா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கம்மா, எங்க அண்ணன். இவுக மேலதான கேஸு போட்டிருக்கோம்."

அவர் எனக்கு வணக்கம் வேறு வைத்தார். நான் அவளைத் தனியாக இழுத்துப்போய், பிரதிவாதியோடு சேர்ந்து வந்தால் கோர்ட்டில் யார் உன்னை நம்புவார்கள் என்று சத்தம் போட்டேன். அவளுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை.

"பஸ்ஸுல எடம் கெடைக்காதும்மா. அண்ணன் சிக்கல்லயே ஏறிருவாக. பக்கத்துல துண்டப் போட்டு வச்சிருப்பாக. நான் அடுத்த ஊருல ஏறி உக்காந்துக்குவேன். இல்லாட்டி ராம்நாடு வர நின்டுக்கிட்டுல்ல வரணும்?"

தன் மேல் வழக்குப் போட்டவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு வருகிற பிரதிவாதியை நான் என் தொழிலில் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்குள் ஏதோ கடுகடுக்கத் தொடங்கிவிட்டது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் இரண்டு அண்ணன்கள். பாலம் தாண்டித் தீவிலிருக்கும் அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் அய்யாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அவர் போனதும் அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தோடு வந்தார்கள். பெண்ணுக்கும் சம பங்கு என்று ஊரெல்லாம் வாதாடுகிற நான், என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்த அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். சட்டம் தெரியாமல் இல்லை. பங்கு கேட்டால் பிறந்த வீடு போய்விடும் என்று பயந்தேன். பதிவு முடிந்ததும் பெரிய அண்ணன் பட்டுச்சேலை கொடுத்தார். ஓட்டலில் என் இலையில் அவரே இனிப்பை எடுத்து வைத்தார். அண்ணன்களை விலை கொடுத்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருடம் பொங்கல் சீர் கரும்பும் மஞ்சள்கொத்துமாக வந்தது. அடுத்த வருடம் போனில் பணமாக வந்தது. இப்போது போனில் வாழ்த்துப் படம் வருகிறது. பானையில் பால் பொங்குகிற படம். தோப்பு இருந்த இடத்தில் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். நான் தீவுக்குப் போனால் கோவிலுக்குப் போய்விட்டு நேராகத் திரும்பி வருகிறேன். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூட அவர்களுக்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

இந்த நிலைமையில் ஒருத்தி வருகிறாள். பாதி நிலத்தைக் கேட்டு வழக்கும் போடுகிறாள், அண்ணன் பிடித்த இடத்தில் உட்கார்ந்து தூக்குவாளிச் சோற்றில் பாதியை அவருக்கும் கொடுக்கிறாள். பங்கையும் வாங்கி அண்ணனையும் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் எதற்காகக் கையெழுத்துப் போட்டேன்? அவள் வழக்கில் ஜெயிக்க வேண்டும், அது என் தொழில். ஜெயித்த அன்று அவளுடைய அண்ணன் அவளை உதறிவிட்டுப் போக வேண்டும் என்றும் மனசுக்குள் ஆசைப்பட்டேன். கோர்ட்டில் கேட்க முடியாத பரிகாரம்தான், ஆனாலும் கேட்டேன்.

வழக்கு நடக்கும்போதே ஒரு பொங்கலுக்கு அவர் அவள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோயிருக்கிறார். அவள் அதை ஒரு சேதியாகக்கூட நினைக்காமல் சொன்னாள்.

"நீ வாங்கினியா?" என்றேன்.

"வாங்காம? நாந்தான நேரா நின்டு அரிசி நல்லதா இல்லன்டு அண்ணனை ஏசுனேன்."

பதில் மனுவைத் தேடுகிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.

ஒருவழியாக, ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பு வந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. விறுவிறுவென்று வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். நான் பழம் வாங்குகிற சாக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழம் வாங்கவும் இல்லை. சிக்கல் பஸ் வந்தது, கூட்டம் முண்டியடித்தது, அவர் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார். அவளுக்காகப் போட்டு வைக்கிற பச்சைத் துண்டு இருக்கையில் இல்லை. அவள் படிக்கட்டுப் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

"ஏத்தா!" உள்ளேயிருந்து ஒரு சத்தம். "என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற? எம்புட்டு நேரம் எடத்தப் புடிச்சுக்கிட்டு இருக்குறது? ஏறு!"

ஜன்னலோர இருக்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். துண்டு அவர் முகத்தில் இருந்தது. அழுதுகொண்டிருந்தார். அவள் ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளும் அழ ஆரம்பித்தாள். பஸ் புறப்பட்டுப் போயிற்று. நான் பொறாமையில் வெந்துகொண்டே ஆபீசுக்குத் திரும்பி, ஒரு பாவப்பட்ட ஜூனியரைக் காரணமில்லாமல் திட்டினேன்.

நிலத்தை அளந்து பிரிக்கிற வேலை பாக்கி இருந்தது. கோர்ட் கமிஷனரும் சர்வேயரும் வந்து பிரிப்பதுதான் முறை. அண்ணன் வேறு வழி சொன்னார். "எங்க பக்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கும்மா. மூத்தவன் கூறு போடணும், எளையவுகதான் மொதல்ல எடுக்கணும்." நல்ல ஏற்பாடுதான். கோணலாகக் கூறு போட்டால், நட்டம் போட்டவன் தலையிலேயே விழும். ஒத்துக்கொண்டோம். கூறு போடுகிற அன்று நானும் பஸ் ஏறிச் சிக்கலுக்குப் போனேன்.

அவர் நடந்து நடந்து பார்த்துக் கல் ஊன்றினார். கிணறு இருக்கிற கூறைக் கொஞ்சம் சிறிதாகவும் மற்றதைக் கொஞ்சம் பெரிதாகவும் வைத்தார். நியாயமாகத்தான் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கிணற்றை எடுத்தால் அண்ணன் மனசு முறியும். பாசத்தில் விட்டுக்கொடுத்தால் அவளும் என்னைப் போல் ஆகிவிடுவாள். எப்படியானாலும் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"கெணத்துப் பக்கம் எனக்கு" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

"தெரியும்" என்றார் அவர். "வடையில பெருசாப் பாத்து எடுக்குறவதான இவ, சின்னப் புள்ளையிலருந்து."

"தண்ணி வேணும்னா கேளு, தாரேன்."

"கேக்காமலே எறைப்பேன். நீ என்ன செய்வ?"

"இன்னொரு கேஸு போடுவேன். வக்கீலம்மா இங்கனதான நிக்கிறாக."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் வரை அவர்கள் என்னோடு நடந்து வந்தார்கள். வழியில் அவர் கேட்டார், "ஒங்களுக்குக் கூடப் பொறந்தவுக இருக்காகளாம்மா?"

"ரெண்டு அண்ணன்."

"பங்கெல்லாம் பிரிச்சாச்சா?"

"நான் எதுவும் வாங்கல. அவுகளுக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் நின்றுவிட்டார். தங்கையைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்க" என்று தலையாட்டினார். பிறகு என்னிடம் மனசார, "அப்ப அண்ணன்மாரு ஒங்களத் தலையில வச்சுல்ல தாங்குவாக" என்றார்.

நான் ஆமாம் என்றேன். கோர்ட்டில்கூட அப்படி ஒரு பொய்யை நான் சொன்னதில்லை.

பஸ் நிரம்பி வந்தது. அது நிற்பதற்கு முன்பே அவர் கூடவே ஓடி, இறங்கப் போகிற யாரையோ கண்டுபிடித்து, ஜன்னல் வழியே பச்சைத் துண்டை வீசிவிட்டார். "துண்டு கெடக்கு பாருங்க, வக்கீலம்மாவுக்கு! யாரும் உக்காந்துராதிய!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நான் ஏறிப் போய் அந்தத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்வையும் மிளகாய் நெடியும் கலந்த வாடை.

கீழே அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவள் கிணற்று மோட்டாரைப் பற்றி அவரோடு ஏதோ மல்லுக்கு நிற்கத் தொடங்கியிருந்தாள். அவர் நீட்டிய கை எனக்குத் தெரிந்தது. தெரியாதது போல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் ஜன்னல் வழியே துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.