மூச்சை இழுத்தால் ஆமாம்

“…அப்போ வாயத் தொறந்து ஆமான்னு சொல்ல மாட்டாங்களா? மூச்ச உள்ள இழுத்தா ஆமாவா? இன்னாடி ஊரு அது, பேஜாரு புடிச்ச ஊரு!” ஷிப்டு முடிந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கவரைப்பேட்டைக்கு ரயில் பார்த்து நின்ற என் அக்கா போனில் சிரித்தாள். இரண்டு தடவை அதைப் போலவே செய்தும் பார்த்தாள். நார்வேயில், எண்ணெய்க் கம்பெனியின் நிதிப் பிரிவு ஜன்னலோரம் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் ‘யா’ என்பதைச் சில சமயம் வெளியே விடாமல் உள்ளே இழுப்பார்கள். திடுக்கென்று ஒரு ‘ஹா’. நம் தலையில் பல்லி விழுந்ததைப் பார்த்துவிட்டாரோ என்றிருக்கும். அதற்கு அர்த்தம் ஆமாம். எனக்கு இது ஆறு வருஷமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

போன வாரம் தலைமை நிதி அதிகாரி பதவிக்கு நேர்காணல். எனக்கு மேலே மிச்சமிருந்த ஒரே நாற்காலி. “கடலில் இருக்கும் நம் பழைய எண்ணெய்க் கிணற்றை என்ன செய்வீர்கள்?” என்று கம்பெனித் தலைவர் கேட்டார். “மூடிவிட வேண்டும்” என்றேன். அவர் ‘ஹா’ என்றார்.

படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தவள் நான். அங்கே மேனேஜர் என் தாளைப் பார்த்து மூச்சை இழுத்தால், அடுத்து வருவது “இன்னாம்மா எழுதிக்கினு வந்துகிற?” என்பதுதான். தாளைப் பிடுங்கிக்கொண்டு என் இடத்துக்கு ஓடுவேன். அந்த ஓட்டம் இன்னும் என் காலில் இருக்கிறது போலும். “நீங்கள் வேறு மாதிரி நினைத்தால், இன்னொரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாம்” என்று தலைவரிடம் என் வாய் சொல்லிவிட்டது.

நேற்று கூப்பிட்டுச் சொன்னார்: “நீங்கள் சொன்னது சரிதான். நானும் ஆமாம் என்றேனே. ஆனால் நீங்கள் அதில் நிற்கவில்லை.” பதவி வேறொருவருக்குப் போயிற்று. எந்த ஊர் மூச்சுக்கு நான் பயந்தேன் என்பதை அவருக்கு எந்த மொழியில் விளக்குவது?

“உடுடி. அந்தாளு வாயால சொல்லித் தொலைச்சிருந்தா நீ எதுக்குப் பின்வாங்கப் போற? என் தங்கச்சி கடல்லேந்து எண்ணெ எடுக்கற கம்பெனில ஆபீசருன்னு இங்க பேக்டரி லைன் பூரா சொல்லிவச்சிகிறேன், தெரியுமா?”

“அக்கா, எல்லாத்தையும் உட்டுட்டு ஊருக்கே வந்துடட்டா?” என்றேன்.

ரயில் வரும் இரைச்சல். அதற்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது: அக்கா ‘ஹா’ என்று மூச்சை உள்ளே இழுத்தாள்.