மாமா கூறு போட்ட மாத்திரைகள்

கடப்பாக்கம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் முதுகில், மீனைக் கூறு போடுவதுபோல மாமா வெள்ளை மாத்திரைகளைக் கூறு போட்டிருந்தார். படகுக் கூட்டாளிகளுக்கு ஆளுக்கொரு கூறு. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவருக்கு அப்பால் கடல் சத்தமில்லாமல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சாயங்கால வெயிலில் படகு, மணல், மாமாவின் மெலிந்த கை எல்லாம் ஒரே நிறம். கனவில் பார்த்ததுபோல அது இன்றும் அப்படியே நிற்கிறது. கனவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

மாமா என் அக்காவின் கணவர், கடலுக்குப் போகிறவர். காசநோய் வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அதே ஊரில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் நான்தான் சோறு கொண்டுபோவேன். காய்ச்சல் ஏறிவிட்டால் மனிதருக்குக் கட்டிலே படகாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே அசையும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, "காத்து திரும்பிக்கினு கீது, வலைய இழுங்கடா" என்பார். பக்கத்துக் கட்டில்காரரும், பாவம், இல்லாத வலையை இழுப்பதுபோலக் கையை அசைப்பார். நான் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவேன்.

வழக்கமான மருந்தில் நோய் சரியாக இறங்கவில்லை. ஒரு ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். கிருமியைக் கொல்லும் மாத்திரைகளோடு, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் வெள்ளை மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். "கிருமிய மருந்தும் அடிக்கணும், உங்க உடம்பும் அடிக்கணும். ரெண்டும் சேர்ந்தா பலன் கூடுதான்னு பாக்கத்தான் இது. வெள்ளை மாத்திரைய மட்டும் நம்பி இருந்துடக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னார். மாமா சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது எதிர்ப்பு சக்தி மட்டும்தான்.

சளியில் கிருமி இல்லை என்றானதும், மீதி மாத்திரைகளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த கையோடு அந்தக் கூறு. எங்கள் பக்கம் படகில் வந்தது எதுவானாலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. முடியாமல் கரையில் கிடப்பவனுக்கும் உண்டு. மாமா படுத்திருந்த காலம் முழுக்க அவர் பங்கு மீன் அக்கா வீட்டுக்கு வந்தது. அதைத் தின்றவர் சும்மா இருப்பாரா? தன் இருமல் கூட்டாளிகளுக்கும் ஒட்டியிருக்குமோ என்ற பயம் வேறு. நான் போய்ச் சேர்வதற்குள் ஆளாளுக்கு விழுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா மாமா, பைத்தியமா உனுக்கு?" என்று கத்தினேன்.

"ஏன்டா கூவுற? எனுக்கு சக்தி குடுக்கறது இவனுங்களுக்குக் குடுக்காதா?" என்றார்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாமாவைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, வேறு மாத்திரைகள் கொடுத்தார். பிறகு, மாமாவோடு படகில் போகிறவர்கள் எல்லோரும் உடனே பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். வந்தார்கள், மாமாவின் உயிர்க் கூட்டாளி ஒருவரைத் தவிர. இருமிக்கொண்டிருந்ததே அவர்தான். "நான்தான் மருந்து துன்ட்டேனே மச்சான், டெஸ்ட்டு இன்னாத்துக்கு? கடல்ல எறா வர்ற நேரத்துல பேஜாரு பண்ணாத" என்று மாமாவிடம் சிரித்தார். மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கூட்டாளி ரத்தமாகக் கக்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைக்கவில்லை.

பாசத்தில் செய்தது என்று ஊர் சொல்கிறது. பாழாய்ப்போன பாசம்! மாமா இரண்டு மருந்தையும் ஒழுங்காகத் தின்று எழுந்துவிட்டார். வெள்ளை மாத்திரைதான் காப்பாற்றியதா என்று கேட்டால், ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. மாமாவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. "அவன டெஸ்ட்டுக்குப் போவ வுடாம பண்ணது நான் குடுத்த மாத்திரதான்டா" என்பார்.

போன வாரம் கரையில் அந்தக் கூட்டாளியின் மனைவி மீன் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு விலகப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை.

"அண்ணாத்த, மாத்திரைலாம் முழுசா துன்னு முடிச்சியா?"

"முடிச்சிட்டம்மா."

"எங்க, மூச்ச நல்லா இழுத்து வுடு பாக்கலாம்."

மாமா கடலைப் பார்த்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து விட்டார். இருமல் வரவில்லை. அந்த அம்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இன்னொரு வாட்டி" என்றார்.